ஒட்டும் சட்டியும் ஒட்டாச் சட்டியும்

கல்லூரி விழா மலரிலே கம்பனைப் பற்றியோ கண்ணகி வழக்குரையைப் பற்றியோ எழுத வேண்டிய தமிழாசிரியர் கறிச்சட்டியைப் பற்றி எழுதப் புகுந்தாரே என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பவர் நகைக்க. காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர் (1892-1947) தமிழ்ப் பண்டிதராயும் விஞ்ஞானப் பட்டதாரியாயும் விளங்கியவர்; 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும் என்று காட்டிச் சென்ற அப்பெரியார் உலவிய வாவிக்கரையிலே, அடுக்களை விஞ்ஞானத்தைத் தமிழாசிரியர் ஒருவர் பேசுவது தகாத செயல் ஆகாது.

அன்றியும், இக்கட்டுரை பிறந்ததற்கு எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று காரணமாயிற்று. அதனை முதலிற் கூறிவிடுதல் நன்று.

இரண்டு சட்டிகளின் கதை

எம் அன்னையாரிடம் ஓர் இரும்புத் தாச்சி உண்டு. பாட்டியார் சீதனமாகக் கொடுத்தது. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறையாடிய பெரும்புயலில் வீட்டுக் கூரை பறந்தபோதும் அது பறக்கவில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எம் வளவிலிருந்த பாண்டங்கள் யாவும் போயின. சில நாள் கழித்துச் சேற்றைக் கிளறியபோது அத்தாச்சி மட்டும் துருவேறிக் கிடைத்தது. அன்னையார் அதனை மணலிட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, அடுப்பில் ஏற்றி, மிஞ்சிய உறவினருக்கு அதிலேயே உணவு ஆக்கினார். அன்று தொடங்கி அவருக்கு அது வெறுஞ் சட்டி அன்று.

எம் தமக்கையார் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சில ஆண்டுகள் உழைத்தவர். விடுமுறையில் வந்தபோது அன்னையாருக்கென்று ஒரு சட்டி கொண்டுவந்தார். உள்ளே கரிய பூச்சுப் பளபளக்கும் ‘நொன்ஸ்டிக்’ சட்டி. முட்டை ஊற்றினால் வழுக்கி ஓடும். எண்ணெயோ சிறிதே போதும். அன்னையாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த மகிழ்ச்சியிலேதான் தவறு நேர்ந்தது. தாச்சியை எங்ஙனம் துலக்குவாரோ அங்ஙனமே, சாம்பலும் தென்னந் தும்பும் கொண்டு நாள்தோறும் அதனையும் துலக்கினார். மறுமுறை தமக்கையார் வந்தபோது பூச்சு உரிந்து, அடியில் அலுமினியம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

“என்ன புள்ள, வெளிநாட்டுச் சட்டி நம்மட சாம்பலுக்குத் தாங்கல்லயே” என்றார் அன்னையார்.

தமக்கையார் விரலால் அவ்வடுவைத் தடவிப் பார்த்தார். “எப்படிக் கழுவுறதெண்டு நான் சொல்லித் தரல்ல அம்மா. என்ட பிழதான்” என்றார்.

அப்பிழை அவருடையது அன்று. சட்டியை விற்றவர் சொல்லவில்லை. அதனோடு வந்த கடதாசி அன்னையார் படிக்கவல்ல மொழியில் இல்லை. வீட்டிலே படித்தவர் என்று பெயர் பெற்ற நாமும் அறிந்திருக்கவில்லை. அந்நிய நாட்டு அடுக்களையில் ஒரு பெண் சிந்திய வியர்வை ஆறு திங்களில் உரிந்து போயிற்று. அறியாமையின் விலை அது. அதன்பின் இவ்விடயம் பற்றி நாம் தேடிப் படித்தவற்றையும், கண்டு தெளிந்தவற்றையும் ஈண்டு முறைப்படுத்திக் கூறுகின்றோம்.

உணவு ஒட்டுவது ஏன்?

கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றும் உலோகத்தின் மேற்பரப்பை உருப்பெருக்கியிற் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் உள்ள புரதம் சூடேறும்போது சுருள் அவிழ்ந்து, உலோகத்தோடு நேரே பிணைகின்றது; பள்ளங்களிலும் புகுந்து இறுகுகின்றது. இதனையே நாம் ‘அடிப்பிடித்தது’ என்கின்றோம். வாவி மீன் பொரிப்போர் இதனை நன்கறிவர். மெல்லிய தோலும் மிகுந்த ஈரமும் உடைய மீனே சட்டியிற் பெரிதும் ஒட்டும்.

இதனைத் தடுக்க நம் முன்னோர் கையாண்ட வழிகள் மூன்று. சட்டியை முதலில் நன்றாகச் சூடாக்குதல் ஒன்று. எண்ணெய் விட்டு இடையே ஒரு படலம் அமைத்தல் இரண்டாவது. மீனைப் போட்டதும் புரட்ட முற்படாது, அடிப்புறம் முறுகும் வரை பொறுத்திருத்தல் மூன்றாவது. முறுகிய பின் ஈரம் அகன்று, மீன் தானே பிடியை விடும். பொறுமையின்றிக் கிளறுவோருக்கே தோல் சட்டியிலும் சதை அகப்பையிலுமாகப் பிரியும்.

ஒட்டாப் பூச்சின் பிறப்பு

ஒட்டாச் சட்டி, சட்டிக்கென்று தேடிக் கண்டுபிடித்த பொருளால் ஆனது அன்று. 1938 ஆம் ஆண்டு ஏப்பிரல் 6 ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், டியூபொன் நிறுவனத்து ஆய்வுகூடத்திலே, ரோய் பிளங்கெற் என்னும் இளம் இரசாயனர் குளிரூட்டிகளுக்கான வாயு ஒன்றினை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயு அடைத்த உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை. உருளையின் நிறையோ குறையவில்லை. அதனை அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகு போன்ற வெண்துகள் காணப்பட்டது. வாயுவின் மூலக்கூறுகள் தாமே ஒன்றோடொன்று கோவையாகித் திண்மமாயிருந்தன. எவ்வமிலமும் அதனைக் கரைக்கவில்லை; எப்பொருளும் அதில் ஒட்டவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்திலே, எதனையும் அரிக்கவல்ல யுரேனியச் சேர்வை ஒன்றினைக் கையாளும் குழாய்களின் இணைப்புகளுக்கு இப்பொருள் பயன்பட்டது. ‘டெப்லோன்’ என்னும் வணிகப் பெயர் 1945 இற் பதிவாயிற்று.

அதன் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். காபன் அணுக்கள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்க, அவற்றைச் சுற்றிலும் புளோரீன் அணுக்கள் கவசம் போல நெருங்கி நிற்கின்றன. காபனும் புளோரீனும் கொண்ட பிணைப்பு மிக வலியது. அக்கவசத்தை ஊடுருவிப் பிணைய வேறெப்பொருளுக்கும் இயலாது. ஆகலின் புரதமும் ஒட்டாது, நீரும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது.

எதனோடும் ஒட்டாத அப்பொருள் சட்டியோடு மட்டும் ஒட்டியது எங்ஙனம் என்று மாணாக்கர் வினவலாம். நல்ல வினாவே. அதற்கு விடை கண்டவர் மார்க் கிரெகுவார் என்னும் பிரான்சு நாட்டு எந்திரியர். தூண்டிற் கருவிகள் தொடர்பாக அவர் இப்பூச்சினைக் கையாண்டு வந்தார். அதனைச் சமையற் சட்டிக்கும் பூசுமாறு தூண்டியவர் அவருடைய மனைவியார் கொலெற் என்பர். அலுமினியத்தின் மேற்பரப்பை அமிலத்தால் அரித்து நுண்ணிய குழிகள் செய்து, அக்குழிகளிற் பூச்சினை நிரப்பிச் சூடாக்கினால் அது வேர் பிடித்தாற் போல நின்றுவிடும். 1954 இல் இதற்குக் காப்புரிமை பெற்ற அவர், 1956 இல் டெபால் என்னும் நிறுவனத்தை நிறுவினார். டெப்லோன், அலுமினியம் ஆகிய இரு சொற்களின் கூட்டே அப்பெயர். தூண்டிலுக்குப் பூசியது சட்டிக்கு வந்த கதை, மீன்பிடித்து வாழும் நம் வாவிக்கரை மக்களுக்கு இனிக்கும் என்பதில் ஐயமில்லை.

இங்கு நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்றே. பூச்சு சட்டியோடு இரசாயன முறையிற் பிணைந்ததன்று. குழிகளைப் பற்றி நிற்பது. ஆகலின் சாம்பலும் மணலும் இரும்புக் கரண்டியும் அதனைப் பெயர்த்துவிடும். எம் அன்னையாரின் சட்டிக்கு நேர்ந்தது இதுவே.

நஞ்சு உண்டோ?

இவ்வினாவுக்கு ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவோர் இருசாராரும் உண்மையிற் பாதியையே கூறுகின்றனர். மூன்றாகப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, வெப்பம். இப்பூச்சு ஏறக்குறைய 260 பாகை செல்சியசு வரை நிலைத்திருக்கும். அதனைக் கடந்து வெப்பம் ஏற ஏறக் கெடத் தொடங்கும். 350 பாகையளவிற் சிதைந்து நச்சாவியை வெளியிடும். அதனைச் சுவாசித்தோருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டு ஓரிரு நாளில் நீங்குவதுண்டு. பறவைகளோ அவ்வாவியாற் சிறிது நேரத்தில் இறந்துபடும். அடுக்களையின் அருகே கூட்டிற் கிளி வளர்ப்போர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய் 180 முதல் 230 பாகைக்குள் புகையத் தொடங்கிவிடும். ஆகவே எண்ணெய் உள்ள சட்டி, கெடுமுன் புகையால் எச்சரிக்கும். வெறுஞ் சட்டிக்கு அவ்வெச்சரிக்கை இல்லை. பெருந்தீயில் வெறுமையாக வைத்துவிட்டுக் கொச்சிக்காய் ஆயப் போனால் சில நிமிடங்களில் எல்லை கடந்துவிடும்.

இரண்டாவது, உரிந்த துகள். பூச்சின் சிதளை விழுங்கினால் அது செரியாது, மாறாது, வந்தபடியே வெளியேறும். எனினும், கீறல் விழுந்த பூச்சிலிருந்து கண்ணுக்குப் புலனாகா நுண்துகள்கள் பெருமளவில் உதிரக்கூடும் என்று 2022 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர். அவற்றின் விளைவு இன்னும் ஆராயப்படுகின்றது. ஆதலின் உரிந்த சட்டியை ‘இன்னும் ஓட்டையாகவில்லையே’ என்று வைத்துச் சமைத்தல் வேண்டா.

மூன்றாவது, பூச்சினை ஆக்கும் ஆலை. இதுவே மூன்றிலும் பாரதூரமானது. பூச்சினைச் செய்யத் துணைப்பொருளாகப் பல்லாண்டு பயன்பட்ட ‘பி.எப்.ஓ.ஏ.’ என்னும் அமிலம், செய்து முடித்த சட்டியில் அநேகமாக எஞ்சுவதில்லை. ஆலையைச் சூழ்ந்த நீரிலும் மண்ணிலும் எஞ்சிற்று. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலே, ஒகையோ ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்களின் குடிநீரில் அது கலந்திருந்தது. ஏறக்குறைய 69,000 பேரை ஆராய்ந்த அறிஞர் குழு, சிறுநீரகப் புற்றுநோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் அதற்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்று 2012 அளவில் முடிவு கூறிற்று. 2017 இல் ஏறத்தாழ 3,500 வழக்குகள் 67 கோடி டொலருக்கு மேற்பட்ட இழப்பீட்டோடு முடிந்தன. எட்டு நிறுவனங்கள் 2015 இற்குள் அப்பொருளை விட்டொழிப்பதாக 2006 இல் அமெரிக்க அரசுக்கு உறுதியளித்தன. 2019 இல் சுடொக்கோம் உடன்படிக்கையின் ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களுள் அது சேர்க்கப்பட்டது. 2023 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதரிற் புற்றுநோய் விளைப்பது என்று அதனை வகுத்தது. அதற்கு மாற்றாகப் புகுந்த பொருள்களும் இப்போது ஆராயப்படுகின்றன. மினசோட்டா மாநிலம் இவ்வகைப் புளோரீன் சேர்வைகளை வேண்டுமென்றே சேர்த்துச் செய்த சமையற் பாண்டங்களின் விற்பனையை 2025 ஜனவரி முதல் தடுத்துள்ளது.

இக்காலத்துக் கடைகளில் ‘பி.எப்.ஓ.ஏ. அற்றது’ என்று எழுதிய சட்டிகளைக் காணலாம். அது அவ்வமிலம் இல்லை என்பதையே குறிக்கும். பூச்சில் புளோரீனே இல்லை என்பதைக் குறிக்காது. புளோரீன் அற்ற ‘செரமிக்’ பூச்சுச் சட்டிகளும் உண்டு. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவைக் கொண்ட அப்பூச்சு நச்சாவி பற்றிய அச்சத்தைப் போக்கும். ஆயின் அதன் வழுக்கும் தன்மை விரைவிற் குன்றிவிடும்.

இரும்புத் தாச்சி

இரும்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. சமனலவாவைக் குன்றுச் சரிவுகளிலே, பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இயங்கின என்பதை 1996 இல் வெளியான ஆய்வு உலகறியச் செய்தது.

இரும்புச் சட்டி ஒட்டாமல் இருப்பதற்கும் ஒரு பூச்சே காரணம். அப்பூச்சினை ஆலை தருவதில்லை, வீடு தருகின்றது. எண்ணெயை மெல்லியதாகப் பூசிச் சூடாக்கும்போது, அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் காற்றின் ஒட்சிசனோடு கூடி ஒன்றோடொன்று பிணைந்து, கரிய வன்படலமாகின்றன. இதுவும் ஒருவகைப் பல்பகுதியமே. இதனைத்தான் ‘சட்டியைப் பழக்குதல்’ என்று பெண்கள் கூறுவர். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி. பழகப் பழக இனிப்பது இரும்புத் தாச்சி.

இங்கு நம் பிரதேசத்தார் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பே மிகுதி, அது எளிதிற் பிணைந்து படலம் ஆகாது, பிசுபிசுப்பே எஞ்சும். நல்லெண்ணெயில் நிரம்பாக் கொழுப்பு மிகுதி ஆதலின் அது விரைவில் இறுகும். ஆகவே புதுத் தாச்சியைப் பழக்குவதற்கு நல்லெண்ணெயை எடுங்கள். பின்னர்ப் பொரிப்பதற்குத் தேங்காயெண்ணெயை வழக்கம் போல எடுங்கள். எண்ணெயைத் தடிப்பாகப் பூசாது, துணியால் ஒற்றித் துடைத்தபின் எஞ்சும் அளவே போதும். மூன்று நான்கு முறை இவ்வாறு சூடாக்கினால் அடித்தளம் அமைந்துவிடும்.

நம் வாவிக்கும் கடலுக்கும் இடையே உலவும் காற்று உப்புக்காற்று. மாரி காலத்திலோ ஈரம் ஓயாது. கழுவிய தாச்சியை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் விடியுமுன் துரு அரும்பும். கழுவியதும் அடுப்பின் எஞ்சிய சூட்டில் உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தல் வேண்டும். துரு பிடித்தாலும் அஞ்ச வேண்டா. தேய்த்து மீண்டும் பழக்கலாம். கடல்நீரில் மூழ்கிய தாச்சியே மீண்டு வந்தது என்பதற்கு எம் இல்லம் சான்று.

இரும்புச் சட்டியிலே சமைத்த உணவில் இரும்புச் சத்துச் சிறிது சேர்கின்றது. புளிப்பும் நீரும் மிகுந்த கறியில், நெடுநேரம் கொதிக்கும்போது, அது கூடும். குருதிச் சோகையால் வாடும் வளரிளம் பெண்களும் தாய்மாரும் மலிந்த நாட்டில் இது ஒரு நன்மையே. எனினும் இதனை மருந்து என்று பறைசாற்றுதல் தவறு. கம்போடியா நாட்டில், கறியோடு சேர்த்துக் கொதிக்க விடுவதற்கென மீன் வடிவிலே இரும்புக் கட்டிகளைக் கனடாவைச் சேர்ந்த கிறிஸ்தோபர் சாள்ஸ் 2008 அளவில் அறிமுகப்படுத்தினார். உலகம் அதனைப் பாராட்டிற்று. ஆனால் 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று, சோதனைக்குட்பட்ட பெண்களின் சோகையை அது நீக்கவில்லை என்று கூறிற்று. அங்கு பலருடைய சோகை இரும்புக் குறைவால் வந்ததன்று. பரம்பரைக் குருதிக் கோளாற்றால் வந்தது. நம் நாட்டிலும் தலசீமியா உண்டு. அந்நோயாளருக்கு மிகையிரும்பு தீங்கு. ஆகவே சோகை கண்டோர் முதலிற் குருதியைச் சோதிப்பித்து, வைத்தியர் சொற்படி நடக்க. சட்டி துணையாக நிற்கட்டும். சோறுண்ட கையோடு தேநீர் அருந்துவது உணவிலுள்ள இரும்பைப் பெரிதும் வீணாக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

மட்சட்டி

மட்சட்டி பொரிப்பதற்கு உரியதன்று, கறிக்கு உரியது. மண் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். அலுமினியமோ இரும்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் விரைந்து வெப்பத்தைக் கடத்துவது. விரைவு வேண்டிய இடத்தில் அலுமினியம் நன்று. அமைதி வேண்டிய இடத்தில் மண் நன்று. மீன் ஆணம் அமைதியை வேண்டுவது. கொதி அடங்கி, தீயைத் தணித்த பின்னும் சட்டியின் சூட்டிலேயே மீன் பதமாகும். அகப்பையிட்டுக் கிளறாது, சட்டியை இரு கையாலும் பிடித்து மெல்லச் சுழற்றும் நம் பெண்களின் வழக்கம் மீன் உடையாமைக்காகவே. பழப்புளியும் கொறுக்காய்ப்புளியும் மண்ணை அரிப்பதில்லை. இரும்பிலோ அவை கறியைக் கருக்கச் செய்து, பழக்கிய படலத்தையும் கரைத்துவிடும். அலுமினியச் சட்டியிலும் புளிக்கறியை இராமுழுதும் வைத்தல் ஆகாது. பழைய உலோகங்களைக் கண்டபடி உருக்கி வார்த்த அலுமினியச் சட்டிகளில் ஈயம் கலந்திருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மலிவாய்க் கிடைக்கின்றதே என்று அவற்றை வாங்குதல் கூடாது.

மண்ணில் நுண்துளைகள் உண்டு. மட்டக்களப்பு எருமைத் தயிர் கட்டியாக உறைவதற்கு அத்துளைகள் மேலதிக நீரை உறிஞ்சுவதும் ஒரு காரணம். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று நம் இல்லங்களிற் பிரித்து வைத்த வழக்கத்திற்கும் இதிற் பொருள் உண்டு. மணமும் நெய்யும் துளைகளிற் புகுந்தால் எளிதில் நீங்கா. வெள்ளிக்கிழமைச் சாம்பாரிலே வியாழக்கிழமை மீன் மணக்கும். சவர்க்காரமும் துளைகளிற் புகும் ஆதலின் மட்சட்டியை வெந்நீரும் தும்பும் கொண்டு கழுவுதலே நன்று. புதுச் சட்டியை ஒருநாள் நீரில் ஊறவைத்து, பின் அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ காய்ச்சினால், அதன் மாப்பொருள் துளைகளை அடைத்துச் சட்டியை உறுதிப்படுத்தும். சூடான சட்டியிற் குளிர்நீர் ஊற்றினால் வெடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் அடுப்பும் நம் கறியும்

எச்சட்டி சிறந்தது என்று வினவுமுன், எவ்வடுப்பில் எக்கறி ஆக்குகின்றோம் என்று வினவுதல் வேண்டும். ஒட்டாச் சட்டி பிறந்த நாடுகளின் சமையல் பெரும்பாலும் சட்டியில் வாட்டுதலும் பொரித்தலும். நம் சமையலோ பெரும்பாலும் அவித்தலும் காய்ச்சலும். சொதிக்கும் பாற்கறிக்கும் புளியாணத்துக்கும் ஒட்டாப் பூச்சு எப்பயனும் தருவதில்லை. ஒட்டாச் சட்டி வாங்கினால் கொழுப்புக் குறையும் என்று எண்ணுவோர், தாம் கறியில் விடும் முதற்பாலில் உள்ள கொழுப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஆயினும் நீரிழிவும் இருதய நோயும் கண்டு, எண்ணெயைக் குறைக்குமாறு வைத்தியர் பணித்த இல்லங்களில், முட்டைக்கும் தோசைக்கும் அப்பத்துக்கும் ஒட்டாச் சட்டி மெய்யாகவே உதவும். கைவலுக் குன்றிய முதியோருக்கு அதன் பாரக் குறைவும் ஒரு வசதி. அதனைப் பழித்தல் எம் நோக்கமன்று.

2022 ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிவாயு அருகியபோது, வெறுஞ் சிலிண்டர்களோடு மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்க மாட்டோம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனையோ இல்லங்கள் மீண்டும் விறகுக்குத் திரும்பின. அப்போது ஒட்டாச் சட்டியைக் கல்லடுப்பிலே ஏற்றியோர் பலர். விறகுச் சுவாலையின் வெப்பம் 600 பாகைக்கு மேலும் செல்லும். திருகித் தணிக்க அதற்குத் திருகாணி இல்லை. எம் அயலிலேயே ஒட்டாச் சட்டிகள் பல அவ்வாண்டில் நிறம் மாறி, கைபிடி உருகிப் போயின. அடுப்பு மாறினால் சட்டியும் மாற வேண்டும் என்பதை அக்காலம் கற்பித்தது. விறகுக்கு அஞ்சாதவை மண்ணும் இரும்புமே.

வாங்குவோரும் ஆள்வோரும் கவனிக்க

1. விறகடுப்பு உடையோர் ஒட்டாச் சட்டி வாங்குதல் வேண்டா. வாயு அடுப்பு உடையோர் அதனைச் சிறுதீயிலும் நடுத்தீயிலும் மட்டுமே வைக்க.

2. ஒட்டாச் சட்டியை வெறுமையாகச் சூடாக்காதீர். எண்ணெய் புகைந்தால் உடனே தீயைத் தணித்து, யன்னலைத் திறவுங்கள்.

3. அதிற் சிரட்டை அகப்பையும் மரத்துடுப்புமே பயன்படுக. புதுச் சட்டிக்குப் பழைய அகப்பையே உற்ற தோழன்.

4. சாம்பல், மணல், கம்பித் தும்பு ஆகாதவை. ஆறிய பின், மென்துணியும் சவர்க்கார நீரும் போதும்.

5. பூச்சு உரிந்தால் சட்டியைச் சமையலிலிருந்து நீக்கிவிடுக. சில ஆண்டே அதன் ஆயுள் என்று கணக்கிட்டே வாங்குக. தவணை முறையில் வாங்குவோர், தவணை முடியுமுன் பூச்சு முடியுமோ என்பதையும் எண்ணிப் பார்க்க.

6. பொரியலுக்கும் சுண்டலுக்கும் ரொட்டிக்கும் இரும்பு. புளிக்கும் மீனுக்கும் பாற்கறிக்கும் மண். எண்ணெய் குறைந்த முட்டைக்கும் அப்பத்துக்கும், வேண்டுமாயின், ஒட்டாச் சட்டி.

7. இரும்புத் தாச்சியிற் சமைத்த உணவை அதிலேயே இராமுழுதும் வையாதீர்.

முடிவுரை

பழையது என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது. புதியது என்பதனாலேயே தீதாகிவிடாது. ஒவ்வொரு பாண்டத்திற்கும் அதற்குரிய நெறி ஒன்று உண்டு. இரும்பின் நெறியைப் பாட்டி தாய்க்கும் தாய் மகளுக்கும் கைக்குக் கை கற்பித்தனர், எந்நூலும் வேண்டியிருக்கவில்லை. புதிய பாண்டமோ தன் நெறியைக் கற்பிக்கும் பாட்டி இன்றியே நம் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது. அப்பாட்டியின் இடத்தை நிரப்புவது படித்தோர் கடன். நம் கல்லூரியில் இரசாயனம் பயின்று வெளியேறிய பழைய மாணவர் எத்தனையோ பேர். அவர்கள் பரீட்சைக்கென்று கற்ற பல்பகுதியமும் ஒட்சியேற்றமும் தம் இல்லத்து அடுப்பங்கரையிலேயே நாள்தோறும் நிகழ்கின்றன என்பதைத் தாய்க்கும் மனைவிக்கும் எளிய தமிழில் எடுத்துரைத்தால், அதுவும் கல்லூரிக்குச் செய்யும் தொண்டே. தாமே அகப்பையைக் கையிற் பிடித்துப் பார்த்தால் இன்னும் சிறப்பு.

எம் இல்லத்தில் இப்போது மூன்று சட்டிகளும் உள்ளன. அன்னையாரின் தாச்சி இன்றும் பொரிக்கின்றது. தமக்கையார் நாடு திரும்பிய பின் வாங்கிய புதிய ஒட்டாச் சட்டிக்கு மென்துணி ஒன்றும் சிரட்டை அகப்பை ஒன்றும் அருகிலேயே தொங்குகின்றன. எண்பதை நெருங்கும் அன்னையார் வைத்தியர் சொற்படி எண்ணெயைக் குறைத்து அதிலே முட்டை பொரிக்கின்றார். பொரித்து முடிந்ததும், சாம்பல் வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு, அத்துணியைத் தேடி எடுக்கின்றார்.